மறுக்கும் முன் கேட்டல்: வகுப்பறை உரையாடலின் எண்ணூறு ஆண்டுகள்



யூன் மாதம் நெருங்கும்போது நம் வீடுகளில் ஒரு பதற்றம் குடிபுகுவதை ஆண்டுதோறும் காண்கிறேன். ஜிம்னேசியத்திலும் உயர்கல்வி நிலையங்களிலும் பயிலும் நம் பிள்ளைகள் வாய்மொழிப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் காலம் அது. டேனியர் அதனைப் ‘பச்சை மேசை’ என்பர். பரீட்சை மேசைமேல் விரிக்கப்பட்ட பச்சைத் துணியால் வந்த பெயர். மாணவர் சீட்டெடுத்து ஒரு வினாவைப் பெறுகிறார். சிறிது நேரம் தம்மை ஆயத்தம் செய்கிறார். பின்னர்த் தம் ஆசிரியருக்கும், ‘சென்சோர்’ எனப்படும் வெளிப் பரீட்சகருக்கும் முன்னே அமர்ந்து உரையாடுகிறார். உரையாடல் முடிந்ததும் அவரை வெளியே அனுப்பிவிட்டு இருவரும் கலந்துபேசி, மீண்டும் அழைத்துப் புள்ளியைச் சொல்கின்றனர். பரீட்சை நாளோடு இது முடிவதுமில்லை. ஜிம்னேசியத்தில் ஆண்டு முழுவதும் வகுப்பில் ஒருவர் எவ்வாறு பங்கெடுத்தார் என்பதற்கும் வாய்மொழிப் புள்ளி வழங்கப்படுகிறது.

“எழுத்தில் 10, 12 எடுக்கும் பிள்ளைக்கு வாய்மொழியில் ஏன் 4? பேச்சுக்கு எப்படிப் புள்ளி போடலாம்? அது நீதியா, சுவாமி?” என்று பெற்றோர் கேட்கின்றனர். நியாயமான வினா. இதற்கு ஒரே சொல்லில் விடையில்லை. நெடிய வரலாறு உண்டு. மாணவர் தமக்குள் உரையாடுவதைக் கல்வியின் பகுதியாக எவ்வாறு அமைப்பது, அதனை எக்கோலால் அளப்பது என்பது எண்ணூறு ஆண்டுகளாக அறிஞர்கள் மல்லுக்கு நின்ற சிக்கல். நம் தமிழும், நம் திருஅவையும், நாம் வாழும் இந்த டென்மார்க்கும் அவ்வரலாற்றில் பங்குள்ளவை. ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தமிழ். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் எனும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் ‘நன்னூல்’ எனும் இலக்கணத்தை இயற்றினார். எழுத்தையும் சொல்லையும் பேசப் புகுமுன், ஆசிரியர் எத்தகையவர், மாணவர் எத்தகையவர், பாடம் சொல்வது எப்படி, பாடம் கேட்பது எப்படி என்பவற்றை அவர் பாயிரத்தில் வகுத்துரைக்கிறார். அங்கே ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கருத்தாய்க் கேட்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்கு அறிவே. உடன் பயில்வோரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு கால் பங்கு வாய்க்கும். எஞ்சிய அரைப் பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைக்கும்போதுதான் நிறையும். வினா எழுப்புவதும், எழுந்த வினாவுக்கு விடை சொல்வதும் மாணவரின் கடமைகள் என்பதும் அவர் கருத்து. கல்வியின் முக்காற் பங்கை ஆசிரியரின் வாய்க்கு அப்பால் வைத்த இக்கணக்கு நம் மொழியின் சொத்து. ‘தமிழ் முறை என்றால் வாய்பொத்திக் கேட்பதே’ என்று நம்மில் சிலர் எண்ணுவது பாதி உண்மையே.

அதே 13-ஆம் நூற்றாண்டில், பவணந்தியாரைக் கேள்விப்பட்டே இராத பரிஸ் மாநகரில், ‘டிஸ்புத்தாசியோ’ எனும் வாதமுறை பல்கலைக்கழகக் கல்வியின் தூணாக நின்றது. பேராசான் வினாவை முன்கூட்டியே அறிவிப்பார். குறித்த நாளில் அவையோர் எதிர்வாதங்களை எழுப்புவர். பேராசானின் கீழ்ப் பயிலும் இளநிலை ஆசிரியர் ஒருவர் அவற்றிற்கு விடையளிப்பார். பேராசான் பிறிதொரு நாளில் வந்து, எழுந்த வாதங்களை வரிசைப்படுத்தி, தம் முடிவை உரைத்து, ஒவ்வோர் எதிர்வாதத்திற்கும் தனித்தனியே மறுமொழி தருவார். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும், எவரும் எதைப்பற்றியும் வினவலாம் எனும் திறந்த அவைகளும் கூடின. இவ்வமைப்பை உற்றுநோக்குங்கள். முன்னறிவித்த வினா, வகுத்துக் கொடுத்த பொறுப்புகள், சிந்திக்க இடைவெளி, இறுதியில் தொகுத்துரை. நல்ல கலந்துரையாடல் தானாக முளைப்பதன்று, திட்டமிட்டு அமைக்கப்படுவது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அந்த அவைகளில் வாதிட்டுத் தேர்ந்தவர்தாம் புனித தோமஸ் அக்குவினாஸ் (1225–1274). அவருடைய ‘இறையியல் தொகுப்பு’ அவ்வாத அவையின் அமைப்பையே தாளில் கொண்டுள்ளது. ஒவ்வொரு பகுதியும் அவருடைய கருத்தோடு தொடங்குவதில்லை. அதனை மறுப்பவர்களின் வாதங்களோடு தொடங்குகிறது. கடவுள் உண்டா எனும் வினாவை எடுத்தபோது அவர் முதலில் நிறுத்தும் எதிர்வாதம், உலகில் தீமை இருக்கிறதே என்பது. இன்றுவரை அதைவிட வலிய எதிர்வாதம் எழவில்லை எனலாம். அதை மழுப்பாமல், எதிராளியே ஏற்றுக்கொள்ளும் வடிவில் எழுதிவிட்டுத்தான் அவர் தம் விடையைத் தொடங்குகிறார்.

பிற்காலத்தில் இவ்வாதமுறை இன்னும் இறுகிய வடிவம் பெற்றபோது இப்பண்பு ஒரு விதியாகவே ஆயிற்று. எதிர்வாதி தம் வாதத்தை முன்வைத்ததும், விடையளிப்பவர் உடனே மறுக்க முடியாது. அவ்வாதத்தை முதலில் திருப்பிக் கூறவேண்டும். அதன் பின்னரே, இந்தக் கூற்றை ஏற்கிறேன், இதனை மறுக்கிறேன், இதில் இரு பொருளை வேறுபடுத்துகிறேன் என்று அவர் தொடரலாம். இயேசு சபையினர் 1599-இல் வெளியிட்ட கல்வி ஒழுங்கு வாரந்தோறும் மாதந்தோறும் வாத அவைகளை நடத்தப் பணித்தது. திருத்தந்தை 13-ஆம் லியோ 1893-இல் கண்டியில் நிறுவிய பாப்பிறைக் குருமடமும் இயேசு சபையினரின் பொறுப்பிலேயே இருந்தது. அது 1955-இல் பூனாவுக்கு மாற்றப்பட்டது. நான் குருமடம் புகுந்த காலத்தில் இலத்தீன் வாத அவைகள் வழக்கொழிந்துவிட்டன. ஆயினும் மூத்த பேராசிரியர்கள் அந்த ஒரு விதியை மட்டும் கைவிடவில்லை. ஒருவரை மறுக்க எழுந்தால், “அவர் சொன்னதை முதலில் சொல்லும்” என்பார்கள். பாதிப்பேர் அந்த இடத்திலேயே அமர்ந்துவிடுவோம்.

இனி இம்முறை எங்கே பழுதுற்றது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதற்கு டென்மார்க்கிலேயே சிறந்த சான்றுண்டு. கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகம், திருத்தந்தை 4-ஆம் சிக்ஸ்துஸ் அளித்த அனுமதியோடு 1479-இல் தொடங்கப்பட்டது. சமயச் சீர்திருத்தத்தின்பின் அது லூத்தரன் பல்கலைக்கழகமாக மாறியபோதும் இலத்தீன் வாதமுறை மாறவில்லை. அங்கே 1717 முதல் பேராசிரியராயிருந்த லுட்விக் ஹோல்பெர்க், அவ்வாதமுறையை எள்ளி ‘எராஸ்முஸ் மொந்தானுஸ்’ எனும் நாடகத்தை எழுதினார்; அது 1731-இல் அச்சேறிற்று. நம் பிள்ளைகள் பலர் பாடசாலையில் அதனைப் படித்திருப்பர்.

கதை இது. ராஸ்முஸ் பெர்க் எனும் உழவன் மகன் தலைநகரில் படித்து, பெயரையும் இலத்தீனாக்கிக்கொண்டு ஊர் திரும்புகிறான். கல் பறக்காது, தாயும் பறக்கமாட்டாள், ஆகவே தாய் ஒரு கல் என்று பெற்றவளிடமே நிறுவிக் காட்டுகிறான். அவள் அஞ்சிக் கலங்க, வேறொரு வாதத்தால் அவளை மீண்டும் மனுசியாக்குகிறான். ஊர்க் கோவிற் பணியாளன் பேர் என்பவன், பொருளற்ற இலத்தீன் துணுக்குகளை உரத்துக் கூவி அவனோடு வாதிடுகிறான். இலத்தீன் அறியாத ஊரார் பேர்தான் வென்றான் என்கின்றனர். பூமி உருண்டை என்று ராஸ்முஸ் சொல்வது உண்மை. ஆயினும் அந்த உண்மைக்காக எவரும் அவனுக்குச் செவிகொடுக்கவில்லை. மணமகளின் தந்தை திருமணத்தையே மறுக்கிறார். இறுதியில் படைக்கு ஆளெடுக்கும் அதிகாரியிடம் சிக்கி, பூமி தட்டையே என்று ஒப்புக்கொண்டுதான் அவன் விடுதலை பெறுகிறான். இதே ஹோர்சன்ஸில் 1681-இல் பிறந்த விட்டுஸ் பேரிங், ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான நீரிணையை 1728-இல் கடந்தார் என்பதை நினைத்தால் ஹோல்பெர்க்கின் நகைப்பு இன்னும் உறைக்கும்.

இந்நாடகத்தில் மதிப்பீட்டின் இரு பிழைகள் உள்ளன. ராஸ்முஸ், வாதத்தின் அளவுகோல் வெற்றி என்று எண்ணினான். ஊரார், அதன் அளவுகோல் உரத்த குரல் என்று எண்ணினர். எதிரிலிருப்பவர் சொன்னதை எவர் விளங்கிக்கொண்டார் என்று எவருமே கேட்கவில்லை. வாதமுறையின் கூடு இருந்தது. மறுக்கும் முன் கேட்கும் உயிர் போயிருந்தது.

இப்பழுதுக்கு 19-ஆம் நூற்றாண்டு இரு வேறு மருந்துகளைக் கண்டது. ஒன்று எழுத்துப் பரீட்சை. இலண்டனைப் பின்பற்றி 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அமைந்தது. தொடக்கத்தில் அது பாடம் நடத்தியதில்லை, பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கியது. அதன் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர். 1823-இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் பயின்றவர்கள். இலங்கைப் பாடசாலைகளுக்கு 1880-இல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் வந்தன. மூன்று மணி நேரம், ஒரு விடைத்தாள், ஒரு சுட்டெண்: இதுவே நம் பெற்றோரும் நாமும் அறிந்த கல்வியாயிற்று.

அதனை இகழ எனக்கு மனமில்லை. வகுப்பறையில் சம ஆசனத்திற்கே போராடவேண்டியிருந்த யாழ்ப்பாணத்தில், சுட்டெண்ணுக்குச் சாதி இல்லை. விடைத்தாளைத் திருத்துபவருக்கு மாணவரின் தகப்பன் பெயர் தெரியாது. முகம் பாராத அந்த நீதி எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைக் கரையேற்றியது. வாய்மொழிப் பரீட்சையிலோ முகமும் நிறமும் உச்சரிப்பும் மேசைக்கு முன்னே வந்து அமர்கின்றன. டென்மார்க்கில் வெளிப் பரீட்சகரை வைத்திருப்பதன் நோக்கங்களில் ஒன்று, ஆசிரியரின் விருப்பு வெறுப்பு புள்ளியில் கலவாமல் காப்பதே. ஆயினும் எழுத்துப் பரீட்சைக்கு நாம் கொடுத்த விலையும் பெரிது. பவணந்தியார் சொன்ன முக்காற் பங்கு மெல்ல உதிர்ந்தது. உடன் பயில்வோர் உரையாடற் துணைவர் என்பது போய், போட்டியாளர் ஆயினர்.

மற்றொரு மருந்தை டென்மார்க் கண்டது. லூத்தரன் போதகரான குருண்ட்விக் (1783–1872), இலத்தீனும் மனனமும் பரீட்சையும் சேர்ந்த பள்ளியைக் கடுமையாகச் சாடினார். உழவர் பிள்ளைகள் தாய்மொழியில், உயிருள்ள சொல்லால், ஆசிரியரும் மாணவரும் ஒருவர்க்கொருவர் கொடுத்தும் கொண்டும் கற்கவேண்டும் என்றார். அவர் எண்ணத்தின்படி முதல் மக்கள் உயர்பள்ளி 1844-இல் ரோடிங்கில் தொடங்கிற்று. இன்றும் அத்தகைய பள்ளிகளில் பரீட்சையும் இல்லை, புள்ளியும் இல்லை. உரையாடலை அளக்கத் தொடங்கினால் அது உரையாடலாக இராது என்பது அம்மரபின் உட்கிடை. அதில் உண்மையுண்டு. ஆனால் மருத்துவரையும் பொறியியலாளரையும் புள்ளியின்றி உருவாக்க ஒரு நாடு துணியாது. ஆகவே டென்மார்க் இரண்டு மரபுகளையும் தன்னுள் வைத்துக்கொண்டு இன்றுவரை தடுமாறுகிறது.

அத்தடுமாற்றம் வெளிப்படையாக வெடித்தது குழுப் பரீட்சையில். 1972-இல் ரொஸ்கில்டயிலும் 1974-இல் ஓல்போர்க்கிலும் எழுந்த புதிய பல்கலைக்கழகங்கள், மாணவர் குழுவாகக் கூடி ஒரு சிக்கலை ஆராய்ந்து, ஒரே அறிக்கை எழுதி, ஒன்றாகவே பரீட்சைக்கு அமரும் முறையை வளர்த்தன. 2006-இல் அரசு குழுப் பரீட்சையைத் தடைசெய்தது. ஒருவர் உழைப்பில் இன்னொருவர் ஒளிந்துகொள்கிறார், தனியாள் அறிவைத் தனியே அளக்கவேண்டும் என்பது அரசின் வாதம். சேர்ந்து சிந்தித்ததைச் சேர்த்தே அளக்கவேண்டும், ஒருவர் கருத்தை மற்றவர் எடுத்து வளர்ப்பதைத் தனியறையில் காணமுடியாது என்பது பல்கலைக்கழகங்களின் வாதம். 2011-இல் ஆட்சி மாறியபின் குழுப் பரீட்சை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் உரையாடல் கூட்டாக நடந்தாலும் புள்ளி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே. நம் ஹோர்சன்ஸில் தொடருந்து நிலையத்தருகே வியா பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள், குழுச் செயற்திட்டத்தோடும் வாய்மொழிப் பரீட்சையோடும் மல்லுக்கட்டும்போது இவ்வரலாற்றின் நடுவிலேயே நிற்கின்றனர்.

இவ்வரலாறு நமக்கு என்ன கற்பிக்கிறது? உரையாடலை அளக்கலாம், ஆனால் எதனை அளக்கிறோம் என்பதில்தான் நீதியும் அநீதியும் இருக்கின்றன. எத்தனை முறை கை உயர்த்தினார் என்று எண்ணினால், ஊரார் பேருக்குக் கொடுத்த வெற்றியையே நாமும் கொடுப்போம். யார் யாரை வீழ்த்தினார் என்று பார்த்தால், தாயைக் கல்லாக்கும் ராஸ்முஸ்களை வளர்ப்போம். அளக்கத் தக்கவை நான்கு. பாடத்தைப் படித்துவந்தாரா? பிறர் சொன்னதை, சொன்னவரே ஆம் எனும்படி எடுத்துரைக்க முடிகிறதா? தம் ஏற்பையும் மறுப்பையும் காரணத்தோடு சொல்கிறாரா? வலுவான காரணம் கண்டபோது தம் நிலையை மாற்றிக்கொள்கிறாரா? இந்நான்கிலும் உரத்த குரலுக்கு இடமில்லை. கூச்சமுள்ள பிள்ளைக்கும் இடமுண்டு. நல்ல ஆசிரியர் இதற்கேற்ப உரையாடலை அமைப்பார். ஒரே விடையுள்ள வினாவைக் கேட்கமாட்டார். முதலில் சில நிமிடம் எழுதச் சொல்வார். அடுத்து இருவர் இருவராகப் பேசச் சொல்வார். அதன்பின்னரே அவையைத் திறப்பார். பரிஸின் இடைவெளியும் பச்சை மேசையின் ஆயத்த நேரமும் சிந்திப்பவருக்குத் தரும் அதே மதிப்பு இது.

நம் பிள்ளைகள் இதில் தனிப்பட்ட ஒரு சுமையைச் சுமக்கின்றனர். வீட்டில் பெரியவர் பேசும்போது மௌனம் மரியாதை. வகுப்பில் ஆசிரியர் பேசும்போது மௌனம் ஆர்வமின்மை. பெற்றோர் சந்திப்பில் “இன்னும் பேசவேண்டும்” என்று ஆசிரியர் சொல்கிறார். வீட்டில் பேசினாலோ “எதிர்த்துக் கதைக்கிறாள்” என்கிறோம். ஒரே பிள்ளையிடம் இரண்டு அவைகள் இரண்டு ஒழுக்கங்களைக் கேட்கின்றன. சில பிள்ளைகள் இரண்டிடத்தும் ஊமையாகின்றனர். சிலர் ராஸ்முஸைப் போல வீட்டுக்குத் தலைநகரத்து இலத்தீனோடு வருகின்றனர். டேனிய மொழியில் வாதிட்டுத் தமிழ்த் தாயை வாயடைக்கச் செய்கின்றனர். இரண்டும் இழப்பு.

பெற்றோரே, புள்ளியை மட்டும் விசாரியாதீர்கள். “இன்று வகுப்பில் எதைப்பற்றி வாதம் வந்தது? உன் தோழி என்ன சொன்னாள்? அவள் ஏன் அப்படி நினைக்கிறாள்?” என்று இராச்சாப்பாட்டு வேளையில் கேளுங்கள். பிள்ளை உங்கள் சொல்லை மறுக்க முற்பட்டால் தடுக்கவேண்டாம். ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள். “அம்மா சொன்னதை முதலில் நீ சொல், பிறகு மறு.” அவ்விதி உங்களுக்கும் பொருந்தும், பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டே நீங்களும் மறுக்கவேண்டும். இதில் மரியாதையும் கெடாது, சிந்தனையும் கெடாது. நம் மறைக்கல்வி வகுப்பிலும் தமிழ்ப் பாடசாலையிலும் இதே விதியைக் கைக்கொள்ளுமாறு ஆசிரியர்களை வேண்டுகிறேன். இளையோரே, பச்சை மேசையில் பரீட்சகர் ஒரு மறுப்பை எழுப்பினால் அஞ்சாதீர்கள். அவர் சொன்னதை உங்கள் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். விடையின் பாதி அதற்குள் இருக்கும்.

தமிழில் ‘கேள்வி’ எனும் சொல்லுக்குச் செவிகொடுத்தல் என்றும் பொருள், வினவுதல் என்றும் பொருள். வள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து ‘கேள்வி’ எனும் அதிகாரத்தை வைத்தார். அங்கே அவர் பேசுவது செவியைப் பற்றி. லூக்கா நற்செய்தியும், 12 வயது இயேசு எருசலேம் கோவிலில் போதகர்கள் நடுவே அமர்ந்து செய்தவற்றை இந்த ஒழுங்கிலேயே கூறுகிறது: முதலில் அவர்களுக்குச் செவிகொடுத்தார், அடுத்து வினவினார். அதன்பின்னரே அவருடைய விடைகளைக் கேட்டோர் வியந்ததாகக் குறிப்பிடுகிறது.

இம்மாதம் பரீட்சைக்கு அமரும் பிள்ளைகள் அனைவரையும் ஞாயிறு திருப்பலியில் சிறப்பாக நினைவுகூர்வோம். அவர்களுடைய பெயர்களைத் திருப்பலிக்கு முன் என்னிடம் தாருங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை,
ஹோர்சன்ஸ்